ஒட்டகத்தின் வயிற்றில் மாத்திரை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சிலர் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வார்களே, அந்த வகை இல்லை. ஆதாரத்தோடு காட்டக்கூடிய முட்டாள். என் மனைவி தினம் இரண்டு வேளை சாப்பிட வேண்டிய வலிப்பு மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, பீங்கான் ஒட்டகம் ஒன்றின் வயிற்றுக்குள் போட்டு ஒளித்துவைத்தவன் நான். அதோடு நின்றிருந்தால் சாதா முட்டாள் கணக்கில் சேர்ந்திருப்பேன். மழை மாதத்தில் அந்த மாத்திரைகள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டபோது, அவற்றைப் பட்டறைக்கு எடுத்துப்போய்ச் சூளையின் மேல் காயவைத்தேன். காய்ந்ததும் ஊதித் துடைத்து மறுபடி ஒட்டகத்துக்குள் போட்டேன். இதை விருத்தாசலத்தைத் தவிர வேறு ஊரில் ஒருவன் செய்திருக்க முடியாது. வேறு ஊரில் முட்டாள்கள் இருப்பார்கள், கூப்பிடு தூரத்தில் சூளை இருக்காது.

நான் வேலை செய்வது தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சின்னப் பீங்கான் பட்டறையில். வருஷத்தில் பாதி நாள் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைதான். மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள், ஆடு, மாடு, ஒட்டகம். பிளாஸ்டர் அச்சில் களிமண் கரைசலை ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவோம். அச்சின் ஓரத்தில் ஒட்டி நிற்கிற மண்தான் பொம்மை. அதனால் ராஜா, இடையர் வித்தியாசமில்லாமல் எல்லோரும் உள்ளே காலி. அந்த வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வாள் என் மனைவி.

அவளுக்கு ஊர் பெண்ணாடம் பக்கம். நிச்சயம் முடிந்து, மாதா கோவிலில் நடக்கும் திருமண வகுப்புக்கு இருவரும் போயிருந்தோம். இடைவேளையில் டீ கொடுத்தார்கள். டம்ளரை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

“எனக்கு ஃபிட்ஸு இருக்குதுங்க. பன்னண்டு வயசுலேர்ந்து. மாத்திர போட்டுக்கிட்டா வராது. எங்கூட்டுல இத சொல்லக்கூடாதுன்னாங்க. நான் சொல்லிட்டேன். ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கப்போறாங்க. வேணாம்னா அதுக்குள்ள சொல்லிடுங்க.”

ஓலை என்றால், மூன்று ஞாயிறு பூசையில் பொண்ணு மாப்பிள்ளை பெயரை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் அறிவிப்பது. ஒரு மனுஷி இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லும்போது மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. நான் விளையாட்டுக் காட்டினேன்.

“எனக்கும் ஒண்ணு இருக்குது. தூக்கத்துல பாட்டு பாடுவேன். அதுக்கு மாத்திரையே கண்டுபுடிக்கல.”

அவள் சிரிக்கவில்லை. “நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“சரி” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே ஒழுங்கான பதில் அதுதான்.

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தபோது எனக்கு உட்கார முடியவில்லை. தடை எதுவும் தெரியுமா என்று சாமியார் கேட்கிற ஒவ்வொரு முறையும் யாராவது எழுந்து நின்றுவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் அக்கா பின்னாலிருந்து முதுகில் குத்தினாள். “எதுக்குடா திருடன் மாதிரி பாக்குற?”

அக்காவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயமே. எங்கள் வீட்டின் முன்பாதியில் அக்காவும் மாமாவும். பின்பாதியில் நான். மாமாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. மாத்திரை அட்டையின் முதுகைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தே, யாருக்கு என்ன வியாதி, எத்தனை வருஷமாக என்று சொல்லிவிடுவார். தெருவில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூலம் என்கிற விவரம் முழுக்க அவரிடம் உண்டு. அப்படிப்பட்டவர் இருக்கிற வீட்டில் வலிப்பு மாத்திரை அட்டையை எங்கே வைப்பது? குப்பையில் காலி அட்டை விழுந்தாலே போதும்.

அப்போது பட்டறையில் கழுத்து கோணிப்போன ஒட்டகம் ஒன்று தள்ளுபடியில் கிடந்தது. அடியில் கரைசல் கவிழ்க்கிற ஓட்டை. உண்டியலுக்குப் போடும் ரப்பர் மூடி அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. எடுத்துவந்து ஜன்னல் மாடத்தில் வைத்தேன். மாத்திரைகளைக் கடலூரில் வாங்கி, பஸ்ஸிலேயே பிதுக்கி, அட்டையை வழியிலேயே எறிந்துவிட்டு வருவேன். பெட்டிக்குள் மடித்துவைத்த தாள் ஒன்று இருக்கும். பொடி எழுத்தில் இரண்டு பக்கமும் அச்சடித்தது. நல்ல மெல்லிசுத் தாள். அதில் பிரஷ்ஷைத் துடைத்துப் பார்ப்பேன், சாயம் எவ்வளவு கெட்டி என்று. அந்தப் பொடி எழுத்துக்குள் கர்ப்பிணிகளுக்கென்று ஒரு பத்தி இருந்திருக்கும். அதன்மேல் இடையனின் தாடிக்கு வேண்டிய பழுப்பு நிறத்தைத் தடவியிருக்கிறேன்.

எங்களுக்குள் அது ஒரு சங்கேதமாகவும் ஆனது. சாப்பிட்டு முடித்ததும், “ஒட்டகத்துக்குத் தண்ணி காட்டியாச்சா?” என்று கேட்பேன். “காட்டியாச்சு” என்பாள். அக்காவே ஒரு முறை இதைக் காதில் வாங்கிவிட்டு, “கல்யாணம் ஆனதுங்களுக்குப் புத்தி இப்பிடித்தான் போவும்” என்று தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு அந்த ஒட்டகத்தின்மேல் அப்படி ஒரு பெருமை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். ஒட்டகத்தைக் குலுக்கினால் வழக்கமாகக் கலகலவென்று வரும் சத்தம் வரவில்லை. மூடியைத் திறந்து கையில் தட்டினால், பத்துப் பன்னிரண்டு மாத்திரை பிசுபிசுத்து ஒரே கட்டியாக விழுந்தது, வெயிலில் வைத்த கல்கோனா மிட்டாய் மாதிரி. அவள் அப்போது பின்னால் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் அட்டையோடு வைக்கலாம் என்பாள், ஒட்டகத்துக்கு வேலை போய்விடும். பொட்டலம் கட்டிப் பட்டறைக்கு எடுத்துப்போனேன். சூளை மேல்தளம் எந்நேரமும் கதகதப்பாக இருக்கும். வேகாத பச்சைப் பொம்மைகளை மழைக்காலத்தில் அங்கேதான் அடுக்குவோம். இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் ஒரு தட்டில் மாத்திரைகளைப் பரப்பினேன். எங்களுக்கு ஈரமென்றால் அது ஒன்றுதான் மருந்து. மண்ணுக்குச் சரியாக இருப்பது மாத்திரைக்கும் சரியாக இருக்கும் என்று என் மூளை சொன்னது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நன்றாக உலர்ந்திருந்தன. கொஞ்சம் வெளிறிப்போய், ஓரங்களில் வெடித்து, மண் தூசியோடு. வேட்டி முனையில் துடைத்தேன்.

“என்னா இது, மாத்திர ஒரு மாதிரி இருக்குது?” என்றாள் அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு.

“மழைக்கு மனுஷனே ஒரு மாதிரிதான் இருக்கான்.”

விழுங்கிவிட்டாள். அந்த மாதம் மூன்று முறை காயவைத்தேன்.

பிறகு ஒரு காலை, குழாயடியில் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கண் மேலே போய்விட்டது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கையில் இரும்பு கொடுப்பதெல்லாம் வீண் என்று அவள் எனக்கு முன்பே பாடம் எடுத்திருந்தாள். பாடமெல்லாம் மறந்துபோனது. சாவி தேடி ஓடினேன். கிடைக்கவில்லை. சைக்கிள் பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றேன். அதற்குள் அவளே அடங்கிவிட்டாள். கண் திறந்ததும் அவள் பார்த்த முதல் காட்சி, பம்ப்போடு நிற்கும் புருஷன். மோவாயில் ரத்தம். அக்கா கடைக்குப் போயிருந்தாள். ‘பாசி வழுக்கிடிச்சி’ என்று சொல்லிச் சமாளித்தோம்.

கடலூரில் அவளுடைய நரம்பு டாக்டரிடம் போனோம். வயதானவர், பொறுமையானவர்.

“மாத்திரைய ஒழுங்கா சாப்புடுறியாம்மா?”

“ஒரு வேள கூட விட்டதில்ல சார்.”

“நல்லா யோசிச்சு சொல்லு. கல்யாணம் ஆன புதுசு. வேலையில மறந்திருப்ப.”

“இல்ல சார். விடல.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அப்போதுகூட எனக்கு முழுசாகப் பொறி தட்டவில்லை என்பது உண்மை. ஆனால் ஏதோ அரித்தது என்பதும் உண்மை. ‘சார், அது கொஞ்சம் நனைஞ்சிது’ என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஒட்டகத்தையும் சொல்ல வேண்டும், சூளையையும் சொல்ல வேண்டும். ஒரு டாக்டர் முன்னால் அவ்வளவு முட்டாளாக நிற்க வெட்கமாக இருந்தது. தினமும் பத்துப் பேர் முன்னால் கோமாளி வேஷம் கட்டுகிறவனுக்கு, வேண்டிய இடத்தில் வெட்கம் வந்துவிட்டது.

அவர் ஃபைலில் ஏதோ எழுதினார். மாத்திரையின் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். “மூணு மாசம் கழிச்சு வாங்க. கொழந்த பத்தி நெனச்சீங்கன்னா அதுக்கு முன்னாடியே எங்கிட்ட சொல்லிடணும். இந்த மாத்திரைய மாத்தணும். அதுவரைக்கும் வேணாம்.” இரண்டு பேரும் தலையாட்டினோம்.

மூன்று மாதம் முடிவதற்குள் அவளுக்கு இரண்டு மாதம்.

மறுபடி ஓடினோம். டாக்டர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். திட்டவில்லை. மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்றார். வேறொன்றுக்கு மெதுவாக மாற்றினார். ஃபோலிக் ஆசிட் எழுதினார். ஸ்கேனில் முதுகெலும்பு, இதயம் எல்லாம் சரியாக இருந்தது. இந்த முறை ஒட்டகம் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். பிரசவத்துக்கு முன்னால் அவளே அக்காவையும் மாமாவையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். நான் பயந்த மாதிரி வானம் இடிந்து விழவில்லை. “இத எங்கிட்ட மறைக்க நான் என்ன போலீஸா?” என்றாள் அக்கா. அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குப் பயந்துதான் இத்தனை கூத்தும்.

பொண்ணு பிறந்தாள். அகலமான மூக்குத்தண்டு, மெல்லிசான மேலுதடு. எங்கள் குடும்ப மூக்கு என்று பேட்டை முழுக்கச் சாக்லேட் கொடுத்தேன்.

அவளுக்கு எல்லாமே கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. கழுத்து நின்றது, உட்கார்ந்தது, நடந்தது. இரண்டு வயது முடிந்தும் அம்மா தவிர வார்த்தை இல்லை. அங்கன்வாடி டீச்சர் என்னிடமே சொன்னார், “நீங்க பேசுற பேச்சுல அந்தப் புள்ளைக்கு எடம் எங்கங்க இருக்குது?” எல்லோரும் சிரித்தார்கள். நானும். பொண்ணுக்குக் கோணல் கழுத்து ஒட்டகத்தின்மேல் தனிப் பிரியம். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக அதன் வயிற்றில் போடுவாள். மூடுவாள். குலுக்குவாள். திறப்பாள். கொட்டுவாள். மறுபடி முதலிலிருந்து. யாராவது அதை நகர்த்திவைத்தால் வீடு இரண்டாகிவிடும்.

அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு நாள் மாமாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடையில் நடந்த கதையை அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஒருத்தன் வந்தான், மச்சான். ஃபிட்ஸ் மாத்திர, ஒம் பொண்டாட்டி முன்ன போட்டுச்சே, அதேதான். அட்டைய பிரிச்சி டப்பாவுல போட்டு வெச்சிருக்கான். எல்லாம் கசிஞ்சி கூழாப் போயிருக்குது. மாத்திக் குடுன்னு சண்டை. அது காத்துல இருக்குற ஈரத்த அப்பிடியே இழுக்கும். அட்டைய விட்டு வெளிய எடுத்தாலே போச்சு, எவ்ளோ மருந்து உள்ள போவுதுன்னு சொல்ல முடியாது. சாம்பார் ஊத்தட்டா?”

“ம்” என்றேன். சாம்பார் ஊற்றினார். நான் அதைப் பிசைந்துகொண்டே இருந்தேன். “என்னா மச்சான், மாவா பிசையிற?” என்றார் மாமா.

அன்றிலிருந்து இன்றுவரை எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்பதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை போவேன். திரும்பிவருவேன். மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குள் நுழைவேன், ஏதாவது ஜோக் சொல்லிவிட்டு வெளியே வருவேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே வாதாடுவேன். பொண்ணு வளர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பேன். வேப்பூர் போகிற பஸ்ஸின் ஹாரன் சத்தத்தை அச்சு அசலாக எழுப்புகிறவளுக்குப் பேச்சா வராது என்பேன்.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்த பிறகுதான் டீச்சர் ஒரு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். ஒரு நிமிஷம் உட்காரமாட்டேன் என்கிறாள், பென்சில் பிடிக்க விரல் இணங்கவில்லை, சொன்னதைப் புரிந்துகொள்ள நேரமாகிறது. புதுச்சேரியில் குழந்தை வளர்ச்சிக்கென்றே இருக்கும் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். மணி கோக்கச் சொன்னார். வட்டம் போடச் சொன்னார். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். பொண்ணு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு பஸ் விட்டாள். டாக்டரம்மாவும் கீழே இறங்கி அவளோடு உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மேலே வந்ததும் கேட்டார். “மாசமா இருக்கும்போது என்னென்ன மாத்திர சாப்பிட்டீங்கம்மா?”

அவள் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். அளவையும் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பொண்ணின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். மூக்குத்தண்டை, மேலுதட்டை, மெல்ல விரலால் தொட்டார்.

“மூக்கு எங்க பரம்பரை மூக்குங்க” என்றேன்.

என் மூக்கைப் பார்த்தார். எங்கள் பரம்பரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நிதானமாக விளக்கினார். அந்த மாத்திரை வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குப் போகும். முக்கியமாக முதல் மாதங்களில். எல்லாப் பிள்ளைக்கும் பாதிப்பு வராது. வந்தால் இப்படி, பேச்சில், கவனத்தில், கை வேலையில், சில சமயம் முகத்திலும் ஒரு சாயல். இதுதான் என்று அடித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அளவு கூடக்கூட ஆபத்து கூடும்.

“உங்களுக்கு ஏன் அளவ கூட்டுனாங்க?”

“ஃபிட்ஸ் வந்துடுச்சுங்க.”

“ஏன் வந்துது? மாத்திர விட்டுப்போச்சா?”

ஏழு வருஷத்துக்கு முன்னால் கடலூரில் கண்ணோடு கண் பார்த்துச் சொன்னவள், இப்போது தரையைப் பார்த்தாள். “தெரியலைங்க” என்றாள்.

பழைய ஃபைலை எடுத்துவரச் சொன்னார். பேச்சுப் பயிற்சியும் கை விரல் பயிற்சியும் உடனே ஆரம்பித்துவிடலாம் என்றார். வாராவாரம் வியாழக்கிழமை. “இவ கத்துப்பா. நேரம் எடுக்கும், அவ்ளோதான்.”

திரும்பும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பொண்ணு மடியில் தூங்கிவிட்டாள். பஸ் நெய்வேலி தாண்டியது. எனக்கோ வாய் சும்மா இருக்காது.

“டாக்டரம்மா நம்ம மூக்கப் பாத்து பொறாமப்பட்டாங்க, பாத்தியா?”

“என் மாத்திரதான்” என்றாள், வெளியே பார்த்தபடி. “நான் மறந்திருப்பேன். ரெண்டு வேள, மூணு வேள. ஞாபகம் இல்ல. நான் ஒழுங்கா சாப்புட்டிருந்தா கூட்டியிருக்க மாட்டாங்க.”

“நீ மறக்குற ஆளு இல்ல.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

எனக்கு எப்படித் தெரியும் என்பதை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கண்டக்டர் வந்தார். டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்தும் அவரோடு ஐந்து நிமிஷம் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் பட்டறையில் நான் செய்த வேலையைப் பட்டறைக்காரர் சுவரில் மாட்டிவைக்கலாம் என்றார். அச்சில் கரைசலை ஊற்றி, கால் பகுதியில் மண் ஒட்டுவதற்குள் அவசரமாகக் கவிழ்த்திருக்கிறேன். அச்சைப் பிரித்தால் எட்டு ஒட்டகத்துக்குக் கால் இல்லை. “இதுங்க எப்பிடிய்யா நடந்து பெத்லகேம் போய்ச் சேரும்?” என்றார். எல்லோரும் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் காலில்லாத ஒட்டகங்களை அள்ளி மறுபடி கரைசலில் போட்டேன். “ஒடம்பு சரியில்லியா?” என்று கேட்டுவிட்டார்கள். நான் ஜோக் சொல்லாத நாள் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் பீரோவைத் திறந்து பழைய ஃபைலை எடுத்தாள். சீட்டுகளைக் கட்டிலின்மேல் தேதிவாரியாகப் பரப்பினாள். பொண்ணு கீழே ஒட்டகத்துக்குப் புளியங்கொட்டை ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

ஒரு சீட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பி.காம். படித்தவள். அந்த டாக்டரின் கோழிக்கிறுக்கலும் அவளுக்குப் பழக்கம்.

“இங்க எழுதியிருக்காரு. மாத்திர விட்டுப்போயிருக்கலாம்னு. பக்கத்துல கேள்விக்குறி.” கட்டிலில் உட்கார்ந்தாள். “அன்னிக்கே அவருக்குத் தெரிஞ்சிருக்குது. நாந்தான் பெருசா விடல விடலன்னு சாதிச்சிருக்கேன்.”

சொன்ன குரலில் அழுகை இல்லை. ஒரு தீர்ப்பைப் படித்துவிட்டு ஒத்துக்கொள்கிற குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், அழுதிருந்தால், ஏதாவது கிறுக்குத்தனம் செய்து சிரிக்கவைக்கப் பார்த்திருப்பேன். வியாழக்கிழமை அந்தச் சீட்டைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் கொடுத்து, ‘ஆமாங்க, நாந்தான் விட்டுட்டேன்’ என்று இவள் சொல்லப்போகிறாள். அது ஃபைலில் ஏறும். அப்புறம் அதுதான் எங்கள் பொண்ணின் கதையாகிவிடும்.

“நீ விடல” என்றேன்.

“சும்மா இருங்க.”

“நீ விடல. நாந்தான் கெடுத்தேன்.”

சொன்னேன். நடந்துகொண்டேதான் சொன்னேன், நின்றால் வராது என்று. அட்டையிலிருந்து பிதுக்கியது அவளுக்குத் தெரியும். கசிந்தது தெரியாது. காயவைத்தது தெரியாது. இரண்டு ராஜாக்களுக்கு நடுவில் தட்டு. வேட்டி முனை. மூன்று தடவை. கடலூரில் மின்விசிறியைப் பார்த்தது. மாமா சாம்பார் ஊற்றியது. அதற்குப் பிறகு மூன்று வருஷம். எங்கேயாவது ஒரு ஜோக் உள்ளே நுழைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே சொன்னேன். நுழையவில்லை.

முடித்தபோதும் ஒட்டகத்துக்குள் புளியங்கொட்டை விழுந்துகொண்டிருந்தது. டொக். டொக்.

“அப்ப நான் ஒரு வேள கூட விடல” என்றாள்.

“விடல.”

“அந்த டாக்டருகிட்ட நான் பொய் சொல்லல.”

“இல்ல.”

“மூணு வருஷமா ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். ஓரம் தட்டிச் சரிசெய்தாள். தலை நிமிரவில்லை. பொண்ணின் ஸ்கூல் பையிலிருந்து ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்து என் பக்கம் கட்டிலில் வைத்தாள்.

“எழுதுங்க. எந்த மாசம், எத்தன மாத்திர, எத்தன தடவ காயவெச்சீங்க, எல்லாம். டாக்டரம்மா கேட்டாங்க இல்ல, ஏன் கூட்டுனாங்கன்னு. வியாழக்கெழம நீங்களே படிச்சிக் காட்டுங்க.”

பென்சிலைப் பார்த்தேன். முனை கடிபட்டு, என் பொண்ணின் பல் தடம் வரிசையாக இருந்தது. எடுக்கக் கை போகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் ஒரு ஆண்பிள்ளை செய்ய வேண்டியது ஏதோ பெரிதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. குனிந்தேன். பொண்ணு கொட்டைகளைப் பொறுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, அந்தக் கோணல் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன்.

“எல்லாம் இந்தச் சனியனால வந்தது. இத இப்பவே ஒடச்சிடுறேன்” என்றேன்.

“கீழ வெச்சிட்டு எழுதுங்க, அது பாப்பாவோடது.”